மூணுலேர்ந்து ஆறு வாரம்

தேதி தள்ளிப்போகாத ஒரு புராஜெக்டில்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். ஒய்டுகே. 1999 டிசம்பர் 31 நள்ளிரவுக்குள் முடித்தாக வேண்டும். கிளையன்ட் மனம் இரங்கினாலும் ஒரு நிமிடம் அவகாசம் கிடைக்காது. அதற்கப்புறம் நான் பார்த்த டெட்லைன்கள் எல்லாம் யாரோ ஒருவர் ஏதோ ஒரு மீட்டிங்கில் வாய்விட்ட தேதிகள். சொன்னவரே ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். தேதி மட்டும் எங்கள் தலைமேல் உட்கார்ந்திருக்கும்.

கிண்டியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. கிளையன்ட் அமெரிக்காவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. அவர்களுடைய மெயின்ஃப்ரேமை இங்கிருந்து லீஸ்டு லைன் வழியாகத் தொடுவோம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, கோபோல். அந்த புரோகிராம்களை எழுதிய தலைமுறை, இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் ஒதுக்கியிருந்தது. 99-க்குப் பிறகு 00 வந்தால் அது 1900-ஆ 2000-ஆ என்று மெஷினுக்குத் தெரியாது. திருத்துவதற்கு இரண்டு வழி இருந்தது. இரண்டு இலக்கத்தை நான்காக விரிப்பது ஒன்று. இன்னொன்று, ஃபைலைத் தொடாமல், 50-க்குக் கீழ் என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம், 50-உம் அதற்கு மேலும் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று புரோகிராமுக்குள் ஒரு விதியை எழுதிவிடுவது. அதை விண்டோயிங் என்போம். இரண்டுமே சரியான வழிதான். ஒரு டீம் விரித்தது, பக்கத்து டீம் விண்டோயிங் செய்தது. அங்கேதான் வினை.

அந்த ஃபைல் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு ரெக்கார்டுக்கு 80 எழுத்து. 21-ஆம் இடத்திலிருந்து தேதி, ஆறு இலக்கம். 27-இலிருந்து தொகை, ஒன்பது இலக்கம், அதில் கடைசி இரண்டும் சென்ட். விரித்த டீம் தேதியை எட்டு இலக்கமாக்கியதும் தொகை 29-ஆம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ரெக்கார்டின் கடைசியில் இருந்த காலி இடத்தில் இரண்டைக் குறைத்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் 80 என்பது 80-ஆகவே இருந்தது, சிஸ்டமும் முறைக்கவில்லை. அந்த ஃபைலைப் படிக்கிற பக்கத்து டீம் புரோகிராமுக்கோ தேதியே தேவையில்லை, தொகை மட்டும்தான். அது வழக்கம்போல 27-இலேயே போய் எடுத்தது. அங்கே இருந்தது தேதியின் வால். நவம்பர் 30-ஆம் தேதி கட்டிய 1,250 டாலர் பிரீமியம் 30,00,012 டாலர் 50 சென்ட்டாக வந்து நின்றது. அதே பணத்தை 5-ஆம் தேதி கட்டியிருந்தால் ஐந்து லட்சத்துச் சொச்சம்தான். மாதக் கடைசியில் கட்டுகிறவருக்குத்தான் யோகம் என்று டீமே சிரித்தது.

நல்லவேளை, டெஸ்டிங்கில் மாட்டியது. இரண்டு டீம் லீடும் அவரவர் புரோகிராமின் பிரிண்ட் அவுட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். இரண்டிலும் ஒரு தப்பும் இல்லை.

எங்கள் புராஜெக்ட் லீடர் கும்பகோணத்துக்காரர். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் 'சார்'. மறுநாள் காலை லாங் சைஸ் நோட்டு ஒன்றோடு வந்தார். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி. ஃபைல் பெயர், யார் எழுதுகிறார், யார் படிக்கிறார், தேதிக்கு எத்தனை இலக்கம், கடைசியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு கட்டம். அதன் தலையில் 'சந்தேகம்' என்று எழுதியிருந்தார். எழுதுகிறவரும் படிக்கிறவரும் சேர்ந்து வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"அவர் மீட்டிங்ல இருக்கார் சார், நான் சொல்லிடறேன்" என்றேன் ஒருமுறை.

"நீ சொல்ல வேண்டாம்மா. ரெண்டு பேரும் வாங்க. நீ சொல்றது அவருக்குப் புரியலேன்னா முகத்துல தெரியும். அதை நான் பாக்கணும்."

சந்தேகக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொண்டுபோனாலும் நடக்காது. "ஒரு சந்தேகமும் இல்லியா? அப்போ ரெண்டு பேருமே உள்ள படிச்சுப் பாக்கலே. போயிட்டு அப்புறம் வாங்கோ" என்பார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் நோட்டுப் புத்தகமா என்று கேன்டீனில் பேசிக்கொண்டோம்.

அதே வருடம் செப்டம்பரில்தான் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் காணாமல் போன செய்தி வந்தது. செவ்வாயிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டிய கலம், கிட்டத்தட்ட 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. காரணம் சில நாளில் வெளியானது. கலத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தரைநிலைய மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விநாடியில் கொடுத்தது. வழிநடத்திய குழு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் 4.45 மடங்கு வித்தியாசம். சார் செய்தித்தாளை மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எங்கள் 27-ஆம் இடமும் 29-ஆம் இடமும்தான் அங்கே பவுண்டும் நியூட்டனுமாக இருந்தன.

பிற்பாடு அந்த விசாரணை அறிக்கையைப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அலகுக் குழப்பத்தைவிட வேறொரு விஷயம். கலம் போகும் பாதையில் ஏதோ இடிக்கிறது என்று வழிநடத்தும் குழுவில் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே தோன்றியிருக்கிறது. வாய்ப்பேச்சிலும் மின்னஞ்சலிலும் சொல்லியும் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் முடிவெடுக்கிறவர்கள் மேசைக்கு முறையாகப் போய்ச் சேரவில்லை. சாருடைய நோட்டில் அந்தக் கடைசிக் கட்டம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை மெல்ல மெல்லக் கண்ணாடி போர்த்திக்கொண்டது. உப்பளத்தையும் சவுக்குத் தோப்பையும் பார்த்தவர்களுக்கு அது வேறு ஊர். எங்களுக்கும் வேலை மாறியது. பழையதைத் திருத்துவது போய்ப் புதிதாக எழுதுவது வந்தது. கூடவே ஆன்சைட் கோஆர்டினேட்டர் என்றொரு பதவியும் வந்தது. கிளையன்ட் ஊரில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் அவர்கள் சொல்வதைக் கேட்பார். ராத்திரி அதை நமக்குச் சொல்வார். நாம் சொன்னதை மறுநாள் காலை அவர்களிடம் சொல்வார். தூக்கம் கெட்ட வேலை. ஊரில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் அதற்கு நல்ல மவுசு இருந்தது.

ஏழு மணி கால் என்று ஒன்று இருந்தது. நமக்கு இரவு ஏழு, அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்காலத்தில் காலை எட்டரை, கோடையில் ஒன்பதரை. வருடத்துக்கு இரண்டு தடவை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை பாதிப்பேர் ஒரு மணி நேரம் முன்னால் வந்து காத்திருப்பார்கள், மீதிப்பேர் கால் முடிந்தபிறகு வருவார்கள். 2007-இல் அமெரிக்கா அந்தத் தேதிகளையே மாற்றியது. ஏப்ரலில் திருப்பிவைத்ததை மார்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். கடிகாரம் மாறுகிற தேதி மாறியதற்காக ஒரு தனி புராஜெக்டே நடந்தது. அதற்கும் எஸ்டிமேட் கேட்டார்கள்.

எஸ்டிமேட் என்றதும் அந்தத் திருநெல்வேலிப் பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். நான் அப்போது மாட்யூல் லீட். ஆன்லைனில் பணம் கட்டும் பகுதியை அவனிடம் கொடுத்து எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன்.

"மூணுலேர்ந்து ஆறு வாரம் ஆகும்க்கா."

"அதென்ன மூணுலேர்ந்து ஆறு?"

"அந்த கேட்வேக்காரன் டாக்குமென்ட் குடுத்தாம்னா மூணு. குடுக்கலைன்னு வைங்க, நாமளே ஒவ்வொண்ணா அனுப்பிப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். அப்ப ஆறு."

இதைவிடத் தெளிவாக ஒரு எஸ்டிமேட் நான் கேட்டதில்லை. இரண்டு எண், நடுவில் ஒரு நிபந்தனை. இரண்டையும் எழுதி மெயில் அனுப்பினேன். டீம் லீட் எக்செல் ஷீட்டைத் திறந்தார். ஒரு கட்டத்தில் ஒரு எண்தான் போக முடியும். நாலு என்று அடித்தார். புராஜெக்ட் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, மற்ற மாட்யூல்கள் எல்லாம் மூன்றரையில் நிற்கின்றன, இது மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறதே என்று மூன்றரை ஆக்கினார். ஆன்சைட்டில் இருந்தவர் காலில் ஒரு மாதத்துக்குள் என்று சொன்னார். கிளையன்ட் பக்கத்து மேனேஜர் அதற்கு ஒரு தேதி போட்டுத் தன் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டார். இத்தனைக்கும் நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கையில் வந்த எண்ணைக் கொஞ்சம் துடைத்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். துடைத்ததில் கேட்வே டாக்குமென்ட் போய்விட்டது.

அந்த கேட்வே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது கிளையன்ட். ஒரு போன் போட்டு டாக்குமென்டை வாங்கித் தரக்கூடிய ஒரே ஆள், தேதி போட்டாரே, அந்த மேனேஜர்தான். அவருக்கு அப்படி ஒன்று தேவைப்படுகிறது என்றே தெரியாது. ஐந்தாவது வாரம் கோபமாகக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. தெரிந்த மறுநாளே டாக்குமென்ட் வந்துவிட்டது.

நிச்சயமில்லை என்று ஒருவர் சொன்னால், மேலே இருக்கிறவர்களுக்கு அது பலவீனமாகக் காதில் விழுகிறது. உண்மையில் அதற்குள் யாரோ செய்ய வேண்டிய ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அது சொன்னவர் செய்யக்கூடிய வேலையாக இருக்காது. மேலே இருப்பவரின் கைக்கு எட்டுகிற வேலையாக இருக்கும். வழியில் துடைத்து அனுப்புகிறவர்கள் நல்ல எண்ணத்தோடு அந்த வேலையைத்தான் துடைத்துவிடுகிறார்கள்.

தாமதமானால் அடுத்து என்ன நடக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பெஞ்சிலிருந்து, அதாவது புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பவர்களிலிருந்து, ஆள் வரும். அந்தப் பையனுக்கும் நாலு ஃபிரெஷர்களைத் துணைக்குப் போட்டார்கள். அவன் கோட் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர்களுக்குப் பாடம் எடுத்தான். ஃபிரெடரிக் புரூக்ஸ் 1975-லேயே இதை ஒரு புத்தகமாக எழுதிவைத்துவிட்டார். ஐபிஎம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை கம்ப்யூட்டர்களுக்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை நடத்தி, அது தள்ளிப்போனதை அனுபவித்தவர் அவர். தாமதமான புராஜெக்டில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்றார். கணக்கு எளிது. ஐந்து பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேசவேண்டிய இணைப்புகள் 10. பத்துப் பேர் என்றால் 45. இருபது பேர் என்றால் 190. ஆள் நாலு மடங்கானால் பேச்சு பத்தொன்பது மடங்காகிறது. இந்தப் புத்தகத்தை மேனேஜர்களுக்கான டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுப்பார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், திங்கட்கிழமை வந்ததும் பெஞ்ச் லிஸ்டைக் கேட்பார்கள்.

புரூக்ஸ் புகழ்பெற வைத்த இன்னொருவர் மெல்வின் கான்வே. ஒரு நிறுவனம் எப்படிப் பிரிந்து பேசிக்கொள்கிறதோ அதே வடிவில்தான் அது கட்டுகிற சிஸ்டமும் வரும் என்று 1968-இல் டேட்டாமேஷன் இதழில் எழுதினார். அதற்கு முன்னால் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ, நிரூபணம் போதாது என்று அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. நிரூபணம் வேண்டுமானால் நாங்கள் கட்டிய ஒரு வெப்சைட்டைப் பார்த்திருக்கலாம். கஸ்டமர் விவரம் சென்னையில், பில்லிங் புனேயில். விலாசத்தை முதல் பக்கத்தில் ஒரு தடவை கேட்கும், மூன்றாவது பக்கத்தில் மறுபடியும் கேட்கும். ஏன் என்று கிளையன்ட் கேட்டார். சென்னையும் புனேயும் பேசிக்கொள்வதில்லை என்று எப்படிச் சொல்வது? பாதுகாப்புக்காக என்று ஒரு காரணம் சொன்னதாக ஞாபகம்.

ஃபிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தம் என்ற ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. பேரி போம் 1981-இல் தன் புத்தகத்தில் காட்டிய படம் இந்தத் தொழிலில் எல்லோரும் பார்த்ததுதான். ஆரம்ப யோசனை மட்டும் இருக்கும் கட்டத்தில் போடும் மதிப்பீடு நாலு மடங்கு கூடவும் போகலாம், நாலில் ஒரு பங்காகக் குறையவும் செய்யலாம். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் 16 மடங்கு. வேலை நகர நகரத்தான் அது குறுகும். நாம் விலையையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது சரியாக அந்த 16 மடங்கு அகலத்தில் நின்றுகொண்டு. பிறகு வருடம் முழுக்க சேஞ்ச் ரிக்வெஸ்ட் சண்டை.

மென்பொருள்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று இல்லை. உளவியலாளர் டேனியல் கானமன் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். இஸ்ரேலில் 1970-களில், முடிவெடுக்கும் முறைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஒரு பாடநூல் தயாரிக்கக் கூடியிருந்தார்கள். எப்போது முடியும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னார். எல்லாமே ஒன்றரையிலிருந்து இரண்டரை வருடத்துக்குள் இருந்தன. குழுவில் பாடத்திட்ட நிபுணர் ஒருவர் இருந்தார். இதே மாதிரி வேலை எடுத்த மற்ற குழுக்கள் என்ன ஆயின என்று அவரைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. 40 சதவீதம் பேர் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருடம் ஆனது என்றார். அவரும் சற்று முன்பு அதே இரண்டு வருடச் சுமாரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். கேட்டுவிட்டு அவர்கள் கலைந்து போகவில்லை, தொடர்ந்தார்கள். எட்டு வருடம் ஆனது. அதற்குள் கல்வி அமைச்சகத்துக்கு ஆர்வம் போய்விட்டது. எனக்கு இதில் பிடித்தது சீட்டில் எழுதச் சொன்ன அந்தக் காரியம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு முன்னால் எழுதவைத்துவிட்டார்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு ஊரில் 17 பேர் கூடி அஜைல் சாசனத்தை எழுதினார்கள். அது ஓஎம்ஆருக்கு வந்து சேர்வதற்குச் சில வருடம் பிடித்தது. வந்ததும் காலையில் எல்லோரும் நின்றோம். ஸ்டாண்ட்-அப். நிற்பதைத் தவிர மற்றதெல்லாம் பழைய ஸ்டேட்டஸ் மீட்டிங்காகவே நடந்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் ஒப்பிப்பதுபோல மேனேஜரைப் பார்த்து ஒப்பித்தோம். ஆனால் கூடவே வந்த பிளானிங் போக்கரை நான் கேலி செய்யமாட்டேன். ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் எழுதிவைத்த முறை. ஆளுக்கொரு சீட்டுக்கட்டு: 1, 2, 3, 5, 8, 13. வேலை எவ்வளவு பெரியது என்று மனதுக்குள் முடிவுசெய்து, எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்ப வேண்டும். சீனியர் முகத்தைப் பார்த்துவிட்டு ஜூனியர் சொல்ல வழி இல்லை.

ஒருநாள் ஒரு ஸ்கிரீனுக்கு எல்லோரும் 3 காட்டினார்கள். டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து வருடம்கூட ஆகவில்லை, 13 காட்டினாள். ஸ்கிரம் மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "சரி, ஒரு அஞ்சு போட்டுக்கலாமா?" என்றார். அவள் சீட்டைக் கீழே வைக்கத் தொடங்கிவிட்டாள்.

"இரும்மா. ஏன் பதிமூணு?" என்றேன்.

"இல்ல மேம்... போன வாரம் கிளையன்ட் மெயில்ல துபாய் பிராஞ்சுக்கும் இதே ஸ்கிரீன்தான்னு ஒரு வரி இருந்துச்சு. அப்போ அரபி வரணும். வலது பக்கத்துலேர்ந்து எழுதுவாங்க. லேஅவுட்டையே திருப்பிப் போடணும்ல?"

அறை அமைதியானது. அந்த மெயில் எல்லோருக்கும்தான் வந்திருந்தது. மூன்றுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு வரியை, சராசரி எடுத்திருந்தால் இழந்திருப்போம். இந்த விளையாட்டில் கிடைக்கும் எண் எனக்கு முக்கியமே இல்லை. இரண்டு சீட்டு எங்கே விலகி நிற்கிறது என்பதுதான் சரக்கு. இன்றைக்குப் பல இடங்களில் ஆப்பிலேயே சராசரி தானாக வந்துவிடுகிறது. யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை.

பேச வேண்டியவர் பேசினால் எவ்வளவு பெரிய குப்பையும் ஒழுங்குபடும் என்பதற்கு 2013-இல் அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் ஒரு சாட்சி. அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். முதல் நாள் முழுக்கப் பதிவு செய்து முடித்தவர்கள் 6 பேர். 55 ஒப்பந்த நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய தளம். ஒட்டுமொத்தமாக இது யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை. சரிசெய்ய வந்த குழுவில் மைக்கி டிக்கர்சன் என்ற கூகுள் பொறியாளர் இருந்தார். தினம் இரண்டு வேளை கூட்டம் வைத்தார். பழி போடுவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அவர் போட்ட விதிகளில் ஒன்று. பதவியில் பெரியவர் பேசக்கூடாது, விஷயம் தெரிந்தவர்தான் பேசவேண்டும் என்பது இன்னொன்று. டிசம்பர் தொடக்கத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தளம் வேலை செய்தது. கும்பகோணத்து சாரை அங்கே உட்காரவைத்திருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பார், கையில் நோட்டோடு.

டிசம்பர் என்றால் சென்னைக்காரர்களுக்கு 2015 வெள்ளம் ஞாபகம் வந்துவிடும். அந்த வாரக் கடைசியில் எங்களுக்கு ஒரு ரிலீஸ். 1-ஆம் தேதி ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாற்றில் வந்தது. மறுநாள் ஏர்போர்ட் மூடிக் கிடந்தது, செல்போன் செத்திருந்தது. புரொடக்ஷன் சர்வரில் புரோகிராமை ஏற்றத் தெரிந்த ஒரே ஆள் முடிச்சூரில் மொட்டை மாடியில் இருந்தார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்களுக்கு இரண்டு நாள் தெரியாது. எங்கள் ரிஸ்க் ரிஜிஸ்டரில் இயற்கைச் சீற்றம் என்று ஒரு வரி இருந்தது: வாய்ப்பு குறைவு. பழைய புராஜெக்டின் டெம்பிளேட்டிலிருந்து அப்படியே ஒட்டியது. கிளையன்ட்டுக்கு லேண்ட்லைனில் இருந்து கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, தேதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எல்லோரும் பத்திரமா என்றார். டிவியில் பார்த்திருக்கிறார்.

நல்ல மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான், டேட்டாபேஸ் மாற்றத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒரு வாரம் கூடுதலாக வேண்டும் என்று கேட்டதற்கு அதே மனிதர் மறுத்திருந்தார். டிவியில் தெரிகிற நிச்சயமின்மையை எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு டெவலப்பர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்கிற நிச்சயமின்மைக்குத்தான் மதிப்பில்லை.

ஒய்டுகே முடிந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2000 ஜனவரி 1 விடிந்தது, எங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரி 29-க்கும் ஒருமுறை கண்விழித்தோம். நூறால் வகுபடும் வருடம் லீப் வருடம் இல்லை என்று பாதி விதியை மட்டும் படித்தவர்கள் எழுதிய புரோகிராம்கள் நிறைய. 400-ஆல் வகுபட்டால் லீப் வருடம்தான் என்பது மீதி விதி. அதுவும் நல்லபடியாகப் போயிற்று. அப்புறம் பத்திரிகைகளில் எழுதினார்கள், ஒய்டுகே வெறும் பூச்சாண்டி, கம்ப்யூட்டர் கம்பெனிகள் பணம் பறித்தன என்று. சாரிடம் காட்டினேன். "ஒண்ணும் ஆகலேன்னா ஒண்ணுமே இல்லேன்னு நெனச்சுப்பா. விடும்மா" என்றார். அந்த நோட்டு என்ன ஆனது என்று தெரியவில்லை. கம்பெனி மாறியபோது யாரோ பழைய பேப்பருக்குப் போட்டிருப்பார்கள்.

நாங்கள் எழுதிய அந்த விண்டோயிங் விதியின்படி 50 என்பது 1950. அந்தப் புரோகிராம்கள் 2050 வரைக்கும் ஓடினால் மறுபடி ஒருவர் உட்கார வேண்டிவரும். அதற்கு முன்னால் 2038 ஜனவரி 19 இருக்கிறது; விநாடிகளை 32 பிட்டில் எண்ணுகிற சிஸ்டங்களுக்கு அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடத்தில் எண்ணிக்கை தீர்ந்துபோகும். அதைத் திருத்துகிற வேலை இப்போதே பல இடங்களில் நடக்கிறது. அதிலும் ஒரு டீம் 64 பிட்டுக்கு விரிக்கும், பக்கத்து டீம் பழையபடியே படிக்கும்.

திருநெல்வேலிப் பையன் இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறான். போன தீபாவளிக்குப் பேசினான். "இப்ப எங்க டீம்ல நாந்தாம்க்கா அந்த எக்செல்ல நாலுன்னு போடுதவன்" என்று சிரித்தான்.

அவனுக்குச் சொன்னதையே இதைப் படிக்கிற லீடுகளுக்கும் மேனேஜர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் எஸ்டிமேட் ஷீட்டில் எண்ணுக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறதென்றால் இன்றைக்கே அதை மூன்றாக்குங்கள். குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, அது எதைப் பொறுத்தது. மூன்றாவது கட்டத்தில் வேலை செய்கிறவர் சொன்ன வார்த்தைகளையே போடுங்கள், அழகுபடுத்த வேண்டாம். கிளையன்ட் வரைக்கும் அது அப்படியே போகட்டும். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்று யாராவது சொன்னால் எழுத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்; அந்த வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.